கூரையில் கிடைத்த துவக்கை என்ன செய்வது?

கேள்வி: யாழ்ப்பாணத்துத் தென்மராட்சியில் எங்கள் பழைய வீட்டின் ஓடுகளை மாற்றிக்கொண்டிருக்கிறோம். போன வாரம் மேசன்மார் சுவருக்கும் பனை வளைக்கும் இடையில் செருகியிருந்த ஒரு சாக்குப் பொதியை இறக்கினார்கள். பிரித்தால் ஒற்றைக் குழல் துவக்கு. கூடவே பிஸ்கட் பேணி ஒன்றில் ஏழு தோட்டாக்களும் அப்பாவின் பெயரில் அனுமதிப்பத்திரமும் இருந்தன. அது கடைசியாக 1983ஆம் ஆண்டுக்குப் புதுப்பிக்கப்பட்டிருக்கிறது. அப்பா காலமாகிப் பல வருடங்கள். அம்மாவுக்கு 81 வயது. “இயக்கத்துக்கும் கொடுக்கவில்லை, பொலிசுக்கும் கொடுக்கவில்லை” என்று இப்போதுதான் வாய் திறக்கிறார். கிணற்றில் போட்டுவிடச் சொல்கிறார். தென்னைகளைக் குரங்குகள் நாசமாக்குவதால் துவக்கை வைத்துக்கொள்ளலாம் என்கிறான் மகன். கனடாவில் இருக்கும் அண்ணாவின் மகன், “மாமி, எக்காரணம் கொண்டும் கொடுத்துவிடாதீர்கள். ஹிட்லர் யூதர்களிடமிருந்து முதலில் துவக்குகளைத்தான் பறித்தான். எங்களிடமும் அப்படித்தான் செய்தார்கள்” என்று தினமும் தகவல் அனுப்புகிறான். எனக்கு நித்திரை இல்லை. அம்மாவைக் கைது செய்வார்களா?

பதில்:

சகோதரிக்கு,

கிணற்றில் போடாதீர்கள். இதை நீங்கள் வாசிப்பதற்குள் வீட்டில் யாராவது அந்த முடிவுக்கு வந்துவிடக்கூடாது என்பதற்காகவே முதலில் சொல்கிறேன். நம் ஊர்க் கிணறு என்றைக்காவது இறைக்கப்படும், தூர்வார ஆள் இறங்கும். அன்று துவக்கு வெளியே வந்தால், அறிந்துகொண்டே ஆயுதத்தை ஒளித்தவர் நீங்கள் என்றாகிவிடும். இன்று அந்தப் பழி உங்கள் மேல் இல்லை. தவிர, பொதியை இறக்கியவர்கள் மேசன்மார். அன்று மாலை தேநீர்க் கடையில் அவர்கள் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பார்கள் என்று நம்ப நான் ஆயத்தமாக இல்லை. விடயம் உங்கள் வேலியைத் தாண்டிவிட்டது என்று வைத்துக்கொண்டே யோசியுங்கள்.

இனிச் சட்டம். இலங்கையில் துவக்கு பற்றிய அடிப்படைச் சட்டம் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க சுடுகலன் கட்டளைச் சட்டம். 1915 கலவரத்துக்கு அடுத்த ஆண்டு வெள்ளைக்காரன் எழுதியது. பல தடவை திருத்தப்பட்டாலும் எலும்புக்கூடு இன்னும் அதுதான். அனுமதிப்பத்திரம் இல்லாமல் துவக்கை வைத்திருப்பது குற்றம். அனுமதி அந்த ஆண்டு டிசம்பர் 31 வரைதான் செல்லும், பிறகு புதுப்பிக்க வேண்டும். அது ஆளுக்குக் கொடுக்கப்படுவது. காணி உறுதியைப் போலத் தகப்பனிடமிருந்து பிள்ளைக்கு இறங்கி வராது. ஆகவே பேணியில் இருந்த கடதாசி உங்களுக்கு அனுமதி ஆகாது. ஆனாலும் அது மிகப் பெறுமதியான கடதாசி: துவக்கு களவெடுத்ததோ கடத்தி வந்ததோ அல்ல, அரசாங்கமே ஒரு காலத்தில் உங்கள் தகப்பனார் கையில் இருக்க அனுமதித்தது என்பதற்குச் சாட்சி. துவக்கில் பொறித்திருக்கும் இலக்கமும் பத்திரத்தில் உள்ள இலக்கமும் ஒன்றாக இருந்தால் உங்கள் பாரத்தில் பாதி இறங்கிவிடும்.

குற்றவியல் சட்டத்தில் “வைத்திருத்தல்” என்பது வெறுமனே ஒரு பொருள் உங்கள் கூரைக்குள் கிடப்பதல்ல. அது அங்கே இருப்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், உங்கள் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். வளையின் இடுக்கில் சாக்கு இருந்தது தெரியாமல் அதன் கீழே படுத்துறங்கிய வருடங்களுக்காக உங்களைக் குற்றவாளி ஆக்குவது இலகுவல்ல. ஆனால் மேசன் அதைப் பிரித்த கணத்திலிருந்து உங்களுக்குத் தெரியும். அதன் பிறகு கழியும் ஒவ்வொரு நாளுக்கும் “ஏன் உடனே அறிவிக்கவில்லை?” என்று கேட்கலாம். ஒரு வாரத்துக்கு விளக்கம் சொல்லலாம்: பயம், வயதான தாய், ஆலோசனை கேட்டு எழுதிய கடிதம். மூன்று மாதத்துக்குச் சொல்ல முடியாது.

1996இல் வந்த 22ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தைப் பற்றி யாராவது உங்களைப் பயமுறுத்தியிருக்கலாம். ஆயுள் தண்டனை, நீதவானிடம் பிணை இல்லை என்றெல்லாம் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்தக் கடுமை தன்னியக்கத் துப்பாக்கிகளுக்கும், ஒருமுறை நிரப்பிப் பல தடவை சுடும் ரிப்பீட்டர் வகைகளுக்கும் உரியது. ஒரு தோட்டா போட்டு, சுட்டு, மடக்கித் திறந்து மறுதோட்டா போடும் பழைய ஒற்றைக் குழல் அந்த வகைக்குள் வராது. இருந்தாலும் நாம் வாழும் இடம் யாழ்ப்பாணம். 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டம் ஆயுதத்தைப் பற்றியும் பேசுகிறது. தெற்கே அம்பாந்தோட்டையில் பன்றிக்கு வைத்திருந்ததாகப் பார்க்கப்படும் துவக்கை, இங்கே வேறு கண்ணோடு பார்க்கும் அதிகாரி இருக்கக்கூடும். இதை மறைத்து உங்களுக்கு ஆறுதல் சொல்வது எனக்கு அழகல்ல. மற்றவர் சொல்லி அவர்கள் வருவதற்கும் நீங்கள் எழுத்தில் அறிவித்து அவர்களை வரவழைப்பதற்கும் உள்ள வித்தியாசம், இந்தக் காரணத்தால்தான் இங்கே இரட்டிப்பாகிறது.

அம்மாவுக்குத் தெரிந்திருந்தது என்பதுதான் நெருடலான இடம். அதைப் பற்றி அவரை வீட்டில் குறுக்கு விசாரணை செய்யாதீர்கள், அயலவரிடம் பெருமையாகவோ வருத்தமாகவோ சொல்லவும் விடாதீர்கள். அவர் யாரிடம் என்ன சொல்ல வேண்டியிருந்தாலும் அது சட்டத்தரணி ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது சொல்லப்படட்டும். பொய் சொல்லச் சொல்லவில்லை. 81 வயதானவர் நாற்பது வருடத்துக்கு முந்திய கதையைப் பதற்றத்தில் முன்பின்னாகச் சொன்னால், அதுவே எழுதப்பட்டுக் கையெழுத்தாகிவிடும். கணவர் உரிய அனுமதியோடு வைத்திருந்தார், பயத்தில் ஒளித்தார், அவரும் போய்விட்டார் என்ற நேர்மையான கதைக்கு மேல் எதுவும் தேவையில்லை. கைது நடக்கவே நடக்காது என்று உறுதி தர என்னால் முடியாது. ஆனால் பழைய அனுமதிப்பத்திரத்தோடு, தாமாக முன்வந்து, சட்டத்தரணி ஊடாக ஒப்படைக்கப்படும் துவக்குகள் பெரும்பாலும் வாக்குமூலத்தோடும் நீதிமன்றத்தில் சான்றுப்பொருளாகக் கையளிப்பதோடும் முடிவதையே என் தொழிலில் கண்டிருக்கிறேன்.

இப்போது கனடா மருமகனுக்கு வருகிறேன். சட்டக் கேள்விக்கு வரலாறு எதற்கு என்று நீங்கள் நினைக்கலாம். உங்களைத் தூங்கவிடாமல் வைத்திருப்பது அந்தத் தகவல்கள்தான் என்று உங்கள் கடிதமே சொல்கிறது. அவருடைய பயத்தை நான் பகிடி செய்யமாட்டேன். ஆனால் அவர் கதையைப் பாதியிலிருந்து தொடங்குகிறார்.

ஜேர்மனியில் துவக்குக் கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தது ஹிட்லர் அல்ல. முதலாம் உலகப் போரில் தோற்ற பின், 1919இல், பொதுமக்கள் கையில் இருந்த ஆயுதங்களை ஒப்படைக்கச் சொன்னது புதிதாகப் பிறந்திருந்த குடியரசு. 1928இல் வந்த சட்டம் அந்த முழுத் தடையை அனுமதிப்பத்திர முறையாக மாற்றியது. துவக்கை வாங்க ஓர் அனுமதி, எடுத்துத் திரிய இன்னோர் அனுமதி. கட்சிகளின் சீருடைப் படைகள் தெருவில் மோதிக்கொண்டிருந்த நாடு அது. அவற்றின் கையில் ஆயுதம் சேராமல் இருக்க வேண்டும் என்பதுதான் நோக்கம். அந்தப் படைகளில் ஒன்று ஹிட்லருடையது.

ஹிட்லரின் அரசு தன் சொந்தத் துவக்குச் சட்டத்தை 1938 மார்ச் 18இல்தான் நிறைவேற்றியது. அது ஜேர்மானியரில் பெரும்பாலானோருக்குக் கதவைத் திறந்துவிட்டது என்பதுதான் பலருக்குத் தெரியாதது. வாங்குவதற்கான அனுமதி கைத்துப்பாக்கிக்கு மட்டும் என்றாகியது. உங்கள் தகப்பனார் வைத்திருந்தது போன்ற நீண்ட குழல் துவக்கை அனுமதியின்றியே வாங்கலாம். வயதெல்லை 20இலிருந்து 18க்கு இறங்கியது. எடுத்துத் திரியும் அனுமதி ஒரு வருடத்திலிருந்து மூன்று வருடமாக நீண்டது. கட்சியின் பொறுப்பாளர்களுக்குச் சலுகை. அதே சட்டம் யூதர்களை ஆயுதத் தொழிலிலிருந்து விலக்கியது. நவம்பர் 9ஆம் திகதி இரவு யூதர்களின் கடைகளும் வழிபாட்டிடங்களும் நொறுக்கப்பட்டன. இரண்டு நாள் கழித்து, 11ஆம் திகதி, யூதர் எவரும் துவக்கோ தோட்டாவோ மட்டுமல்ல, குத்தவோ வெட்டவோ பயன்படும் ஆயுதம்கூட வைத்திருக்கக் கூடாது என்ற கட்டளை வந்தது. பேர்லின் பொலிஸ் தலைவர் அதற்கும் முந்தியே நகரத்து யூதர்களிடமிருந்து 1,702 சுடுகலன்களும் 2,569 வெட்டும், குத்தும் ஆயுதங்களும் ஏறத்தாழ 20,000 தோட்டாக்களும் எடுக்கப்பட்டுவிட்டதாக அறிவித்திருந்தார்.

ஒரே ஆண்டு, ஒரே அரசு. ஒருவனுக்குத் துவக்கு இலகுவாகிறது, பக்கத்து வீட்டானுக்குச் சமையல் கத்திகூடச் சந்தேகப் பொருளாகிறது. அந்தச் சட்டம் கடுமையானதா, தளர்வானதா என்று கேட்டால் யாருக்கு என்றுதான் திருப்பிக் கேட்க வேண்டும்.

மருமகன் இதை முழுதாக வாசித்திருந்தால், நம் கதையோடு ஒப்பிட அவருக்கு இன்னும் பொருத்தமான இடம் கிடைத்திருக்கும். எண்பதுகளில் இங்கே அனுமதியோடு துவக்கு வைத்திருந்தவர்களின் நிலை உங்கள் அம்மாவுக்குத் தெரியும். ஒரு பக்கம் ஒப்படைக்கச் சொல்லிப் பொலிஸ், மறுபக்கம் இரவில் படலையைத் தட்டும் இயக்க இளைஞர்கள். இதே கதையை வேறு வீடுகளிலும் கேட்டிருக்கிறேன். தோட்டத்துக்கென்று முத்திரை குத்திப் பதிந்து வைத்திருந்தவன், பதிந்திருந்ததாலேயே இரு பக்கமும் அகப்பட்டான். அதே பத்தாண்டுகளில் எல்லைக் கிராமங்களில் ஊர்காவல் படை என்று அமைத்து, அரசாங்கமே பொதுமக்கள் கையில் சொட்கன் கொடுத்தது. ஒரு நாடு, இரண்டு வாசல். மருமகனின் கோபம் நியாயமானது என்று நான் சொல்வது இதனால்தான்.

அந்தக் கோபத்திலிருந்து அவர் போய்ச் சேரும் முடிவுதான் பிழை. ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபோது ஜேர்மனியில் யூதர்கள் ஏறத்தாழ ஐந்து இலட்சம் பேர். நாட்டின் சனத்தொகையில் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. வீட்டுக்கு ஒரு வேட்டைத் துவக்கு இருந்திருந்தாலும், பிரான்சின் இராணுவத்தையே சில வாரங்களில் மடக்கிய படையின் முன் அது நின்றிருக்காது. 1943 ஏப்ரலில், போலந்தின் வார்சோ நகரில் ஹிட்லரின் ஆட்கள் அடைத்துவைத்த பகுதிக்குள் இருந்த யூதர்கள் சில கைத்துப்பாக்கிகளையும் குண்டுகளையும் வைத்துக்கொண்டு எழுந்தார்கள், ஒரு மாதம் அளவில் தாக்குப்பிடித்தார்கள். அந்தப் போராட்டத்தை நான் வணங்குகிறேன். அது மானத்துக்கான போராட்டம் என்பது அவர்களுக்கே தெரிந்திருந்தது. உயிரைக் காக்கும் வழி என்று அதை நினைத்துத் தொடங்கியவர்கள் அவர்களில் குறைவு.

நம் பக்கத்திலும் பாருங்கள். ஆயுதம் போதாமல் போன ஊர் அல்ல நம்முடையது. உங்கள் தகப்பனார் துவக்கை ஒளித்த பிறகு இந்திய இராணுவம் வந்தது, போனது. 1995இல் வலிகாமத்துச் சனம் முழுவதும் சண்டைக்குத் தப்பி உங்கள் பக்கம் நடந்து வந்தது. 2000ஆம் ஆண்டுச் சண்டையில் தென்மராட்சியே இடம்பெயர்ந்தது. இத்தனையிலும் அந்தத் துவக்கு உங்கள் வீட்டைக் காக்கவில்லை, உங்கள் வீடுதான் அதைக் காத்தது. யாராவது ஒருவர் அந்தச் சாக்கைக் கண்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை மருமகனுக்கு அம்மாவே சொல்லட்டும். அவர் பிறந்திருக்காத காலம்.

இன்றைய நிலையையும் அவருக்கு எழுதுங்கள். 2024 இறுதியில் பாதுகாப்பு அமைச்சு, தற்பாதுகாப்புக்கென அனுமதி கொடுத்திருந்த துவக்குகளையெல்லாம் மீளாய்வுக்காகத் தற்காலிகமாக ஒப்படைக்கச் சொன்னது. முதல் தவணை நவம்பர் 7, பிறகு 2025 ஜனவரி 20 வரை நீடித்தார்கள். தெற்கில் செல்வாக்கோடு இருந்தவர்களுக்கும் அந்தக் கட்டளை பொருந்தியது. எல்லோருக்கும் ஒரே மாதிரி விழும் கடுமையோடு எனக்குச் சண்டை இல்லை. நமக்கு மட்டும் வேறு மாதிரி விழுந்தால் சண்டை உண்டு, அதற்கு வழியும் உண்டு: மனித உரிமைகள் ஆணைக்குழுவின் யாழ்ப்பாண அலுவலகம், உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனு. இந்த மனுவுக்கு அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரை ஒரு மாதம்தான் தருகிறது என்பதை மறக்காதீர்கள். தென்மராட்சியில் துருப்பிடித்த ஒற்றைக் குழல் ஒன்று இருப்பதால் ஒரு கொடுங்கோலனும் பின்வாங்கப் போவதில்லை. ஆனால் அதை வைத்து உங்கள் மகனையோ 81 வயது தாயையோ உள்ளே தள்ள ஒருவரால் முடியும். இந்தக் கணக்கைக் கனடாவில் இருந்து பார்ப்பது கடினம்.

சரி, என்ன செய்வது? துவக்கு இப்போது கிடக்கும் அறையைப் பூட்டுங்கள். மடக்கித் திறந்து உள்ளே தோட்டா இருக்கிறதா என்று மகன் பார்க்க வேண்டாம். கடதாசிக் கூடு கொண்ட பழைய தோட்டாக்கள் ஈரத்தில் ஊதிப்போய்க் குழலுக்குள் இறுகியிருக்கும், பித்தளை அடிப்பகுதி பச்சை பிடித்திருக்கும். சுடாது என்று நம்பித் தட்டவோ நெம்பவோ கூடாது. பேணியில் உள்ள ஏழையும் குப்பையோடு கொளுத்திவிடலாம் என்று யாராவது சொன்னால், அவரைக் கொஞ்ச நாளைக்கு வளவுக்குள் விடாதீர்கள். எண்ணெய் பூசுவது, துருத் தட்டுவது, மண்ணெண்ணெயில் துடைப்பது எதுவும் வேண்டாம். பராமரிக்கப்பட்ட துவக்கு என்றால் ஏன் பராமரித்தீர்கள் என்ற கேள்வி வரும். சாக்கோடு, தூசோடு, எட்டுக்கால் பூச்சிக் கூட்டோடு அது கிடக்கட்டும். அந்தத் தூசுதான் உங்களுக்காகப் பேசப்போகும் முதல் சாட்சி.

நல்லெண்ணத்தில் பலர் செய்யும் ஆபத்தான வேலை ஒன்று உண்டு. துவக்கைத் துணியில் சுற்றி மோட்டார் சைக்கிளில் கட்டிப் பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுபோவது. வழியில் சோதனைக்கு மறித்தால், ஒப்படைக்கத்தான் போகிறேன் என்பதை யார் நம்புவது? துவக்கு வீட்டை விட்டு ஓர் அடி நகரக் கூடாது. அவர்கள் வந்து எடுக்கட்டும்.

நாளைக்கே சாவகச்சேரியிலோ யாழ்ப்பாணத்திலோ குற்றவியல் வழக்குப் பார்க்கும் சட்டத்தரணி ஒருவரைச் சந்தியுங்கள். அவர் பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதுவார்: எந்தத் திகதி, எத்தனை மணிக்கு, யார் முன்னிலையில், கூரையின் எந்த இடத்தில் கிடைத்தது, அனுமதிப்பத்திர இலக்கம் என்ன. பிரதி ஒன்று கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்கு, அரசாங்க அதிபருக்கு. தோட்டத் துவக்குகளுக்கு அனுமதி வழங்கும் இடமும் அதுவே, பழைய பதிவேடு ஏதாவது மிஞ்சியிருந்தால் அங்கேதான் தேட வேண்டும். கிராம அலுவலருக்கும் அதே நாளில் தெரியப்படுத்துங்கள். நாளை யாராவது உங்கள் வீட்டில் ஆயுதம் மீட்பு என்று செய்தி போட்டால், அறிவித்தது நீங்கள் என்பதற்கு மூன்று இடத்தில் முத்திரை இருக்கும்.

பொலிசார் வரும்போது சட்டத்தரணி வீட்டில் இருப்பது நல்லது. அனுமதிப்பத்திரத்தின் இரண்டு பக்கங்களையும் முன்கூட்டியே பிரதி எடுத்து வையுங்கள். அசலைக் கொடுத்தால் அதுவும் பற்றுச்சீட்டில் எழுதப்பட வேண்டும். துவக்கின் இலக்கம், தோட்டாக்களின் எண்ணிக்கை, எடுத்துச் சென்ற அதிகாரியின் பெயர், திகதி இல்லாத பற்றுச்சீட்டை வாங்காதீர்கள். வாக்குமூலத்துக்காகப் பொலிஸ் நிலையம் போக வேண்டி வந்தால் சட்டத்தரணி உங்கள் சார்பில் அங்கே தோன்றலாம், அதற்கு 2012இல் வர்த்தமானியில் வெளியான விதிகள் இருக்கின்றன. தமிழில் சொல்லுங்கள், தமிழில் எழுதச் சொல்லுங்கள். உங்களுக்கு வாசிக்கத் தெரியாத எழுத்தின் கீழே கையெழுத்து வைக்க வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. அம்மாவின் வாக்குமூலத்தை வயதையும் உடல்நிலையையும் காட்டி வீட்டிலேயே பதியும்படி அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள். மருத்துவக் கொப்பியின் பிரதி ஒன்றையும் இணையுங்கள். மேசனிடம், என்ன கண்டாரோ அதை மட்டும் சொல்லும்படி கேளுங்கள். அவருக்கும் பயம் இருக்கும், அவருடைய சம்பளப் பாக்கியை இந்த வாரமே கொடுத்துவிடுங்கள்.

மகனின் குரங்குத் தொல்லையை நான் சின்ன விடயமாக எடுக்கவில்லை. 2025 மார்ச் 15 காலையில் நாடு முழுவதும் ஐந்து நிமிடம் நின்று குரங்கையும் மயிலையும் மரஅணிலையும் எண்ணச் சொன்ன அரசாங்கத்துக்கே அந்தத் தொல்லை தெரியும். பயிர்ப் பாதுகாப்புக்குத் துவக்கு வேண்டுமென்றால் அவர் தன் பெயரில் புதிதாக விண்ணப்பிக்கலாம்: கிராம அலுவலர், பிரதேச செயலகம், பொலிஸ் அறிக்கை என்று படியேறிக் கச்சேரிக்குப் போகும். கிடைக்கும் என்று எண்ணிக் குருத்துக் கடிக்கும் குரங்கைக் காத்திருக்கச் சொல்ல முடியாது, அவ்வளவு காலம் எடுக்கும். துவக்குக்கு அனுமதி கிடைப்பது வேறு, எதைச் சுடலாம் என்பது வேறு என்பதையும் அவர் அறிய வேண்டும். இரண்டாவதைத் தீர்மானிப்பது 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம். இரண்டும் ஒருபுறம் இருக்க, ஒப்படைக்கும் அதே வாரத்தில் இந்த விண்ணப்பத்தைப் போட வேண்டாம். முதலில் ஒரு கோப்பு மூடப்படட்டும்.

கடைசியாக, துவக்கின் படத்தை மருமகனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். உங்கள் கைப்பேசியிலிருந்து அதை அழிக்காதீர்கள். கண்டெடுத்த திகதிக்கு அதுவும் ஆதாரம், அழித்தால் ஏன் அழித்தீர்கள் என்பார்கள். யாருக்கும் புதிதாக அனுப்பவும் வேண்டாம். மருமகனிடம் மட்டும், அதை முகநூலில் போட்டிருந்தால் இன்றே எடுத்துவிடச் சொல்லுங்கள். ஹிட்லரைப் பற்றி அவருக்கு எழுத நினைப்பதை, துவக்குக்கான பற்றுச்சீட்டு உங்கள் கையில் கிடைத்த பிறகு எழுதிக்கொள்ளலாம்.